கடைக் கணக்கு: நீள நோட்டா, போனா, கம்ப்யூட்டரா, ஆடிட்டர் ஆபீஸா?

கடைக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வெளியே எவ்வளவு பாக்கி நிற்கிறது? சட்டென்று தொகை சொல்கிறவர்கள் குறைவு. "இருக்கும், ஒரு நாலஞ்சு லட்சம்" என்பார்கள். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே ஒரு லட்சம் ரூபாய் கிடக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரியே தெரியாது. அதே ஆள் ராத்திரி பத்து ரூபாய் குறைந்தால் கல்லாவை மூன்று முறை எண்ணுவார்.

சில கடைகளுக்குப் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மதுரைக் கீழமாசி வீதியில் பருப்பு, வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறவர், வில்லாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர், கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறவர், மாட்டுத்தாவணியில் பூ மண்டி வைத்திருப்பவர், இந்த நாலு பேருக்கும் பொருந்துகிற ஒரே கணக்குமுறை கிடையாது. ஒவ்வொருவருக்கும் பணம் வெவ்வேறு இடத்தில் சிக்குகிறது. மளிகைக்காரருக்குப் பாக்கியில். மொத்த வியாபாரிக்குச் சரக்கிலும் வரியிலும். பட்டறைக்காரருக்கு வசூலாகாத பில்லில். எங்கே சிக்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கிற முறையை எடுத்தால் போதும். மற்றதெல்லாம் சாப்ட்வேர் விற்க வருகிறவரின் பேச்சு.

சட்டம் எவ்வளவு கேட்கிறது?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறது. பொருள் மட்டும் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சேவை என்றால் 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு வரியுள்ள சரக்கு அனுப்பினால் இந்த வரம்பெல்லாம் உதவாது. பதிவு செய்த பிறகும், ஒன்றரைக் கோடி வரை விற்கும் கடைக்காரர் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து 1 சதவீதம் கட்டிவிட்டு நகரலாம். ஆனால் பில்லில் வரியைத் தனியாகப் போட முடியாது, வாங்கிய சரக்கில் கட்டிய வரியையும் கழிக்க முடியாது. வருமான வரியிலும் அப்படித்தான். 2 கோடி வரை விற்பனை உள்ளவர், ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று காட்டிக்கொண்டால் முழுக் கணக்குப் புத்தகம் வைத்தாக வேண்டியதில்லை. ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் வரம்பு 3 கோடி.

இந்தச் சலுகைகள் நல்லவைதான். ஆனால் "அப்புறம் கணக்கு எதுக்கு?" என்ற எண்ணத்தையும் இவையே வளர்த்துவிட்டன. வரிக்காரருக்குக் காட்ட வேண்டாம் என்பதும் நமக்கே தெரிய வேண்டாம் என்பதும் வேறு வேறு. இன்னொன்று, கல்லாவுக்கு வராமல் நேராக வங்கிக்குப் போகிற பணம் இப்போது அதிகம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பேக்கரி, டீக்கடை, காய்கறிக்கடைக்காரர்களுக்குக்கூட அவர்களின் யுபிஐ வரவை வைத்து வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கலாம். காய்கறிக்கு வரியே கிடையாது. ஆனால் வந்த பணத்தில் எது காய்கறி விற்றது, எது மச்சான் கொடுத்த கைமாத்து என்று காட்டக் கையில் ஒரு தாளாவது வேண்டுமே. கடைக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் அட்டையும் வைப்பதற்கு எந்த முறையையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. அதை இன்றே செய்யலாம், பெரிய செலவும் இல்லை.

நீள நோட்டு

"நாங்க அப்பா காலத்து முறையிலதான் எழுதுறோம்" என்று சொல்லும் கடைகளில் பெரும்பாலும் அப்பா காலத்து முறை இருப்பதில்லை. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை நாள்வழியில் அன்றன்றைய வரவு செலவை எழுதுவார். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார். ஆண்டுக் கடைசியில் சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் ஐந்தொகை எடுப்பார். ராத்திரி ரொக்க இருப்பு நோட்டோடு ஒத்துப்போகாமல் கடை அடைக்க மாட்டார்கள். இப்போது பல இடங்களில் மிஞ்சியிருப்பது நாள்வழி மட்டும், அதுவும் அரைகுறையாக. பேரேடு போயே போய்விட்டது. பாக்கிக்காரர் பெயர் ஒரு பக்கம், அவர் போன மாதம் கொடுத்த பணம் இன்னொரு நோட்டில், மீதி காலண்டர் தாளின் பின்புறம். பில்களைக் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். மெஷினில் வரும் வழவழப்பான பில் நாளாக ஆக வெளுத்துவிடும். அடுத்த கோடைக்கு அதில் ஒன்றும் படிக்க முடியாது. பழைய முறை என்று நாம் குறை சொல்வது உண்மையில் பழைய முறையின் பாதியைத்தான்.

எனவே நோட்டை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் முழு நோட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள்வழி, ஒரு பேரேடு. பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுக்கிற பணத்துக்கும் ஒரு பக்கம், அதில் முதலாளி பெயர். இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதச் சொன்னால்தான் முகம் மாறும். மளிகைக் கடையில் "வியாபாரம் நல்லாத்தான் ஓடுது, கையில காசு நிக்க மாட்டேங்குது" என்ற புலம்பலுக்கு விடை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் இருக்கும்.

நோட்டுக்கு ஒரு பலம் உண்டு, அதை மற்ற முறைகள் எளிதில் தர முடியாது. பாக்கிக்காரர் அதில் கையெழுத்துப் போடலாம். கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. அது முடிவதற்குள் "இவ்வளவு தர வேண்டியது உண்மை" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், கையெழுத்திட்ட தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். கொஞ்சம் பணம் கட்டினாலும் அதை அவர் கையாலோ கையெழுத்தோடோ பதிந்தால் அதே பலன். அதே நேரம், நம் நோட்டில் நாமே எழுதிக்கொண்டது மட்டும் ஒருவர் தலையில் கடனைக் கட்டிவிடப் போதாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் இது இருந்தது, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. கணக்குப் புத்தகம் ஒழுங்காக, தொடர்ச்சியாக எழுதப்பட்டிருந்தால் அது சாட்சியமாக ஏற்கப்படும், ஆனால் தனியாக நின்று ஜெயிக்காது. கம்ப்யூட்டர் கணக்குக்கும் இதே விதிதான். ஆகவே பெரிய பாக்கி உள்ள பக்கங்களில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது கையெழுத்து வாங்குவது, எந்த முறைக்கு மாறினாலும் விடக்கூடாத பழக்கம்.

புதுக்கணக்கு பற்றி ஒரு வார்த்தை. சில கடைகளில் சித்திரை ஒன்றாம் தேதி மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டுப் புது நோட்டு தொடங்குவார்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1க்கே தொடங்கிவிடும். நடுவில் உள்ள இரண்டு வாரம் பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் தங்கிப்போய், ஆடிட்டர் கையில் போய்ச் சேராமலே போவது உண்டு. பூஜையைச் சித்திரையில் போடுங்கள், கணக்கை மார்ச் 31 ராத்திரியே முடித்துவிடுங்கள்.

போனில் பாக்கிக் கணக்கு

காதாபுக், ஓகேகிரெடிட் மாதிரியான செயலிகள் ஒரே ஒரு வேலைக்குத்தான். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு. அந்த வேலையை நோட்டைவிட நன்றாகச் செய்கின்றன. கூட்டல் தானாக நடக்கும். சரக்கு எடுத்த அன்றே வாடிக்கையாளர் போனுக்குச் செய்தி போய்விடும். "அண்ணே, போன வாரமே உங்க பையன்கிட்ட குடுத்துட்டேனே" என்ற பேச்சு மூன்று மாதம் கழித்து வருவதற்குப் பதில் மறுநாளே வரும். மறுநாள் என்றால் பையனுக்கும் ஞாபகம் இருக்கும், சண்டையில்லாமல் முடியும். மளிகைக் கடைக்கு, தையல் கடைக்கு, பால் ஊற்றுகிறவருக்கு என் முதல் சிபாரிசு இதுதான்.

பலவீனங்களும் தெரிந்திருக்கட்டும். கடையில் நாலு பேர் சரக்குக் கொடுக்கிறார்கள், போன் ஒருவர் சட்டைப்பையில் இருக்கிறது என்றால் அவர் சாப்பிடப் போன நேரத்துப் பாக்கி ஏறாது. மகன் நம்பரில் தொடங்கிய கணக்கு, மகன் சென்னைக்கு வேலைக்குப் போனதும் அவனோடு போய்விடும். கடைக்கென்று ஒரு நம்பர் எடுத்து அதில் தொடங்குவது நல்லது. இன்னொன்று, கொள்முதல், சரக்கிருப்பு, வரி எதற்கும் இது போதாது. "அதான் ஆப்பு இருக்கே" என்று கொள்முதல் பில்களை வழக்கம்போல் கம்பியில் குத்திக்கொண்டிருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம்.

எக்செல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்குத் தெரிந்த ஒருவர், ஒரே ஒருவர், தினமும் உட்கார்ந்தால் அருமையான கருவி. இரண்டாவது ஆள் கை வைத்த அன்று ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தி, ராஜா பாக்கியை மணி தலையில் ஏற்றிவிடுவார். யார் எப்போது மாற்றினார் என்று கண்டுபிடிப்பதும் சிரமம். சிறு கடைக்கு இதை நான் சொல்வதில்லை.

பில்லிங் சாப்ட்வேர், டேலி

வரி பில் போடுகிறவருக்கு, பலவகைச் சரக்கு வைத்திருப்பவருக்கு, பில் போட்டுக் கணக்கும் எழுதும் இந்த மாதிரி மென்பொருள் தவிர வேறு வழி இல்லை என்றே சொல்வேன். கீழமாசி வீதிக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே துவரம்பருப்புதான். 25 கிலோ சிப்பமாகக் கட்டிப் பெயர் அச்சிட்டு வந்தால் 5 சதவீத வரி, 30 கிலோ மூட்டையாக வந்தால் வரி இல்லை. 2022 ஜூலை 18 முதல் இப்படி. நோட்டில் "து.ப. 10 மூடை" என்று எழுதினால் இது எந்த 10 மூடை? சாப்ட்வேரில் இரண்டையும் தனித்தனிச் சரக்காகப் பதிந்துவிட்டால் பிரச்சினை அதோடு முடிந்தது.

கொள்முதல் பக்கம் இன்னும் முக்கியம். நமக்கு விற்றவர் தான் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் நம் பில்லைக் காட்டினால்தான் அந்த வரியை நாம் கழிக்கலாம். மாதம் 14ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி தளத்தில், விற்றவர்கள் அப்படிக் காட்டிய பில்கள் அடங்கிய 2பி என்ற பட்டியல் வரும். அதையும் நம் கொள்முதலையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவதுதான் மொத்த வியாபாரிகள் சத்தமில்லாமல் இழக்கும் பணம். சாப்ட்வேரில் கொள்முதல் ஏறியிருந்தால் இது அரைமணி நேர வேலை, கம்பியில் குத்திய பில்களோடு ஒப்பிட உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும், எனவே யாரும் செய்வதில்லை. விற்றவருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கழித்த வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதியும் உண்டு. அதையும் தேதிவாரிப் பட்டியல் இல்லாமல் கவனிக்க முடியாது.

ஆனால் சாப்ட்வேர் வாங்கியதாலேயே கணக்கு புதிதாகிவிடாது. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின, நெய் 12லிருந்து 5க்கு வந்தது. அன்று காலை மென்பொருளில் விகிதத்தை மாற்றாத கடை பழைய வரியிலேயே பில் போட்டிருக்கும். பழைய கம்ப்யூட்டரில் யாரோ இலவசமாகப் போட்டுக்கொடுத்த திருட்டு நகல் வைத்திருப்பவர்களுக்கு அப்டேட்டும் கிடையாது, ஒரு நாள் மெஷின் படுத்தால் எல்லாம் போச்சு. பென்டிரைவில் பேக்கப் எடுக்கிறோம் என்பார்கள், அந்தப் பென்டிரைவ் அதே மேஜை டிராயரில்தான் இருக்கும். இன்னொரு வியாதி சஸ்பென்ஸ் கணக்கு. என்ன வரவு என்று புரியாததையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதில் தள்ளுவது. மார்ச் மாதம் அது வீங்கி நிற்கும், கேட்டால் யாருக்கும் தெரியாது.

எதை வாங்குவது? டேலியின் ஒருவர் உபயோகிக்கும் உரிமம் 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். வியாபார், ஜோஹோ புக்ஸ் போன்றவை சந்தா கட்டிப் பயன்படுத்துபவை. முதலாளியோ அவர் வீட்டு ஆளோ கவுண்டரில் உட்கார்ந்து தானே பில் போடும் கடைக்கு, போனிலும் ஓடுகிற எளிய பில்லிங் செயலி போதும். சம்பளத்துக்கு ஆள் வைத்து எழுதப்போகிறீர்கள் என்றால் டேலிதான். அது சிறந்தது என்பதற்காகச் சொல்லவில்லை. மதுரையில் டேலி தெரிந்த பிள்ளைகள் எந்தத் தெருவிலும் கிடைப்பார்கள். ஒருவர் நின்றுபோனால் மறுவாரம் இன்னொருவர் வந்து உட்காரலாம். பாஸ்வேர்டு மட்டும் முதலாளி கையில் இருக்கட்டும்.

எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கும்

இதுதான் மிகவும் பிரபலமான முறை, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத முறையும் இதுதான். மாதத்தின் 9ஆம், 10ஆம் தேதியில் மஞ்சப்பை நிறையப் பில்களைக் கொண்டுபோய்க் கொட்டுவது. 11ஆம் தேதிக்குள் விற்பனை ரிட்டர்ன், 20ஆம் தேதிக்குள் வரி கட்டுகிற 3பி ரிட்டர்ன். அந்த அவசரத்தில் அங்குள்ள பெண் உங்கள் பில்லைப் போலவே இன்னும் முப்பது கடைப் பில்களை ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளால் ரிட்டர்ன் போட முடியும். உங்கள் சிம்மக்கல் வாடிக்கையாளர் ஆறு மாதமாகப் பணம் தரவில்லை என்று அவளால் சொல்ல முடியாது. பையில் வராத பில் அவளைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லாத பில். 5 கோடிக்குள் விற்பனை உள்ளவர் மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் முறையை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், பை இப்போது இன்னும் பெரிதாகிக் காலாண்டுக்கு ஒருமுறை போகிறது.

ரிட்டர்னை அவர்களிடம் கொடுங்கள், தப்பில்லை, அது அவர்கள் தொழில். பதிவு கடையில்தான் நடக்க வேண்டும்.

அப்போ யாருக்கு எது?

வரம்புக்குள் இருக்கும் மளிகைக் கடைக்குப் போனில் பாக்கி, நோட்டில் நாள்வழி. இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். விற்பனை 30 லட்சத்தைத் தாண்டும்போது பில்லிங் செயலியைப் பழக ஆரம்பிக்கலாம், 40ஐத் தொட்ட பிறகு அவசரமாகக் கற்றுக்கொள்வது கஷ்டம்.

பூ மண்டிக்கு வேறு கதை. மல்லிகைக்கு வரி இல்லை, விலை மட்டும் காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. அங்கே எடைச்சீட்டும் விவசாயிக்குக் கொடுத்த முன்பணமும்தான் கணக்கு. கார்பன் வைத்த சீட்டுப் புத்தகமும் விவசாயிவாரிப் பேரேடும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும். ஒரு எச்சரிக்கை உண்டு. முன்னால் சொன்ன 8 சதவீத, 6 சதவீதச் சலுகை கமிஷன் வருமானத்துக்குக் கிடையாது. மாட்டுத்தாவணியானாலும் பரவையானாலும் கமிஷன் மண்டிக்காரர் "நமக்குக் கணக்கு வேண்டாம்" என்று இருந்துவிட முடியாது. எனவே சீட்டுகளை வாரம் ஒருமுறையாவது ஒருவர் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

கப்பலூர் பட்டறைக்கு நான் முதல் நாளே சாப்ட்வேர் என்பேன், வரிக்காக அல்ல, தேதிக்காக. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் இல்லாவிட்டால் 15 நாளிலும் வாங்கியவர் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி. இதற்கென்று உள்ள அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். பெரிய கம்பெனியோடு மோத யாருக்கும் விருப்பமில்லை, தெரியும். ஆனால் பில் எண், சரக்கோடு போகும் சலான் சீட்டின் எண், சரக்குப் பெற்ற கையெழுத்து, எத்தனை நாள் ஆயிற்று என்ற பட்டியல் இவ்வளவையும் ஒரே தாளில் அனுப்பினாலே பாதிப் பேர் பணம் போடுவார்கள். வேலை செய்து தருவதற்காக வந்த அடுத்தவர் சரக்குக்கும் சலான் பதிவு வேண்டும், ஓராண்டுக்குள் அது திரும்பிப்போயிருக்க வேண்டும்.

கடன் வாங்கும் எண்ணம் இருக்கிறவர் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் கொடுக்கும்போது வங்கிகள் எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் என்ற அளவுகோலைப் பார்க்கின்றன. 60 லட்சம் விற்றால் 12 லட்சம். அதில் பாதியைக் கணக்கில் கொண்டுவராதவர் 6 லட்சத்துக்குத்தான் வாய் திறக்க முடியும். மீதி 6 லட்சத்தை மீட்டர் வட்டிக்கு வாங்கிவிட்டு, வரியில் மிச்சம் பிடித்தோம் என்று சொல்லிக்கொள்வார்.

மாறுவதென்றால் தீபாவளிக்கு முந்தின மாதம் வேண்டாம். ஏப்ரல் 1 தான் சரியான நாள். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துச் சரக்கை எண்ணி, பாக்கிக்காரர்களுக்கு மார்ச் 31 நிலுவையை அனுப்பி ஒப்புதல் வாங்கி, அந்த இரண்டு தொகையையும் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். தொடக்க இருப்பு தப்பானால் அப்புறம் எழுதுவதெல்லாம் தப்பு. இரண்டு மாதம் நோட்டும் ஓடட்டும், கம்ப்யூட்டரும் ஓடட்டும். ராத்திரி ரொக்கம் இரண்டிலும் ஒன்றாக வர ஆரம்பித்ததும் நோட்டை நிறுத்தலாம். பழைய நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்தந்த ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்கைப் பாதுகாக்க வேண்டும். கையெழுத்து வாங்கிய பாக்கிப் பக்கங்களை, பணம் வந்து சேரும் வரை, பீரோவிலேயே வைத்திருங்கள்.